636001: சேலம் தலைமை அஞ்சலகத்தின் பின்கோடு பகா எண்ணா? கையாலேயே காரணி காண வழி உண்டா?

கண்காட்சி_டீச்சர்
எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான கணிதக் கண்காட்சிக்கு ஒரே ஒரு எண்ணை எடுத்து முழுசா அலசுற மாதிரி அட்டை தயார் பண்றோம். எண் 636001, நம்ம சேலம் தலைமை அஞ்சலகத்தோட பின்கோடு. 3, 7, 11, 13 எதாலயும் மீதியில்லாம வகுபடலை. பகா எண்ணா? இல்லைன்னா பிள்ளைங்க தாங்களே காரணி கண்டுபிடிக்க நல்ல வழி எது? கையில இருக்கிறது மளிகைக் கடையில வச்சிருக்கிற 12 இலக்கக் கால்குலேட்டர் மட்டும்தான்.

மீதி_ஒன்று
பகு எண். 647 × 983. இரண்டுமே பகா எண்கள்.

7, 11, 13-க்குத் தனித்தனியா வகுக்க வேண்டாம் டீச்சர். 7 × 11 × 13 = 1001. அதனால மூணு மூணு இலக்கமாப் பிரிச்சு மாத்தி மாத்திக் கழிச்சாப் போதும்: 001 − 636 = −635. 635 = 5 × 127. அதுல 7, 11, 13 மூணுமே இல்லை. ஒரே கழித்தல்ல மூணு சோதனையும் முடிஞ்சுது.

வர்க்கமூலம் 797.49… ஆகவே 797 வரைக்கும் உள்ள 139 பகா எண்களால வகுத்துப் பாத்தாத்தான் "பகா எண்"னு சொல்ல முடியும். பெரும்பாலும் பிள்ளைங்க 100 தாண்டினதும் சலிச்சுப்போய் "எதாலயும் போகலை, பகா எண்"னு எழுதிடுவாங்க. இந்த எண் அதுக்கு நல்ல பாடம், ஏன்னா 647 வரைக்கும் எதுவுமே சிக்காது. 2-ல இருந்து எண்ணினா 647 என்பது 118-ஆவது பகா எண். அதாவது 117 தோல்விக்கு அப்புறம் 118-ஆவது வகுத்தல்லதான் விடை.

கொண்டை_ஊசி
118 வகுத்தலா! பிள்ளைங்க ஓடிடும். ஃபெர்மா (17-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுக் கணிதர்) முறை போடுங்க. நம்ம எண்ணுக்கு அது அளவெடுத்துத் தைச்ச மாதிரி பொருந்தும்.

ஒற்றைப்படை எண் எதையும் அ² − ஆ² = (அ − ஆ)(அ + ஆ) என்று எழுத முடிஞ்சா காரணி கையில. வர்க்கமூலத்துக்கு அடுத்த முழு எண் 798. அதுல இருந்து ஒவ்வொண்ணா வர்க்கப்படுத்தி 636001-ஐக் கழிக்கணும். மிச்சம் முழு வர்க்கமா வந்தா நிறுத்திக்கலாம்.

798² − 636001 = 803, இல்லை
799² − 636001 = 2400, இல்லை (49² = 2401, ஒண்ணுல போச்சு!)
800² − 636001 = 3999, இல்லை
801² − 636001 = 5600, இல்லை

இப்படியே போனா 815² − 636001 = 28224 = 168². ஆக 815 − 168 = 647, 815 + 168 = 983.

798-ல இருந்து 815 வரை 18 படிகள். ஏற்காடு மலைப்பாதையில இருக்கிற 20 கொண்டை ஊசி வளைவை விடக் குறைவு.

ஒவ்வொரு தடவையும் வர்க்கம் போட்டுட்டு இருக்காதீங்க. 803-ஓட 1597 கூட்டினா 2400. அதோட 1599 கூட்டினா 3999. அடுத்தது 1601, 1603… ரெண்டு ரெண்டாக் கூடிட்டே போகும், ஏன்னா அடுத்தடுத்த வர்க்கங்களோட வித்தியாசம் அப்படித்தான் வளரும். எல்லாமே கூட்டல். இதுல நடக்கிற தப்பு ஒண்ணே ஒண்ணுதான்: நடுவுல ஒரு கூட்டல் பிசகினா அதுக்கப்புறம் வர்ற எல்லாமே தப்பு. 805-ல ஒரு தடவை நிறுத்தி நேரா வர்க்கம் போட்டுச் சரிபாருங்க. 648025 − 636001 = 12024 வரணும்.

பழைய_லாகரிதம்
அன்பர் கொண்டை ஊசி சொன்னதே ஃபெர்மா தம் கையால் செய்த வழி. 1643-இல் அவர் எடுத்துக்கொண்ட எண் 2027651281. வர்க்கமூலம் 45029-க்குச் சற்று மேல். 45030-இல் தொடங்கிப் பன்னிரண்டாவது படியில், 45041² − 1020² என்று கண்டு, 44021 × 46061 எனப் பிரித்தார். கண்காட்சியில் இந்த எண்ணையும் பக்கத்தில் வைக்கலாம். 45041-இன் வர்க்கம் 10 இலக்கம். உங்கள் கால்குலேட்டர் தாங்கும்.

ஆனால் 18 படிகளும் தேவையில்லை. ஒருங்கிசைவு (எண்களுக்குப் பதில் மீதிகளை வைத்துக் கணக்கிடுவது) படித்த பிள்ளைகள் என்றால் சலித்தெடுக்கலாம்.

636001-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 1. வர்க்கங்கள் 4-ஆல் 0 அல்லது 1 மீதியே தரும். ஆகவே அ ஒற்றை, ஆ இரட்டை. பாதி ஒழிந்தது.

3-ஆல் வகுத்தாலும் மீதி 1. அதற்கு அ மூன்றின் மடங்காக இருக்கக் கூடாது. 801, 807, 813 போயின.

5-ஆலும் மீதி 1. அ-வின் மீதி 2 அல்லது 3 ஆக முடியாது. 803 போயிற்று.

16-ஆலும் மீதி 1. அ-வை 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 ஆகவே இருக்க வேண்டும். 805, 811 போயின.

எஞ்சியவை 799, 809, 815. மூன்றே மூன்று. 799 தருவது 2400. அது 49²-க்கு ஒன்று குறைவு. 809 தருவது 18480. கடைசியில் ஒற்றைச் சுழியம், எந்த வர்க்கமும் அப்படி முடியாது. மூன்றாவது முயற்சியில் விடை.

கண்காட்சி_டீச்சர்
மூணே முயற்சியா! அருமைங்க ஐயா. அப்போ வகுத்துப் பாக்கிற முறையை விட ஃபெர்மா முறைதான் எப்பவும் மேல்னு அட்டையில எழுதிடலாமா?

மீதி_ஒன்று
எழுதாதீங்க. பக்கத்து எண்ணையே எடுத்துப் பாருங்க.

636007 = 157 × 4051. வகுத்துப் பாத்தா 37-ஆவது பகா எண்ணிலேயே விடை. ஃபெர்மா முறையில அ-வின் மதிப்பு (157 + 4051) ÷ 2 = 2104 வரை போகணும். 798-ல இருந்து 1307 படிகள்.

636011 = 367 × 1733. பெரியார் பல்கலைக்கழக முகவரியில வர்ற பின்கோடு. வகுத்தால் 73-ஆவது பகா எண், ஃபெர்மாவில் அ = 1050, அதாவது 253 படிகள்.

நம்ம 636001-க்கு 118-க்கு 18.

மூணும் சேலம் பின்கோடு, மூணும் ஆறு இலக்கம், மூணும் சரியா ரெண்டு பகா எண்களோட பெருக்கல். எண் ஒரே அளவு, கஷ்டம் தலைகீழ். சின்னக் காரணி சிறுசா இருந்தா வகுத்தல் ஜெயிக்கும், ரெண்டும் கிட்டத்தட்ட சமமா இருந்தா ஃபெர்மா ஜெயிக்கும். எண்ணோட நீளத்தை வச்சு முடிவு பண்ண முடியாது.

சூரமங்கலம்_சந்திப்பு
// 636007… 1307 படிகள் //

பெருக்கி போட்டால் இதுவும் ஒரே படிதான் நண்பரே. 4051-ஐ 157-ஆல் வகுத்தால் 25.8, கிட்டத்தட்ட 26. ஆகவே 636007-ஐ 4 × 26 = 104-ஆல் பெருக்குங்கள்: 66144728. வர்க்கமூலம் 8132.9… அடுத்த முழு எண் 8133. 8133² = 66145689. கழித்தால் 961 = 31². முடிந்தது. 8133 − 31 = 8102 = 2 × 4051.

636011-க்கு விகிதம் ஏறக்குறைய 19/4. பெருக்கி 4 × 76 = 304. பெருக்கினால் 193347344. 13905² = 193349025. வித்தியாசம் 1681 = 41². இதுவும் முதல் படியிலேயே.

விகிதம் முன்கூட்டித் தெரியாதே என்று கேட்பீர்கள். சரிதான். அதனால்தான் 1974-இல் லேமன் வெளியிட்ட முறை 1, 2, 3… என்று பெருக்கிகளை வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் வர்க்கமூலத்தை ஒட்டிய ஒரு சில அ-க்களை மட்டும் பார்க்கிறது. பெருக்கி எண்ணின் கனமூலம் வரை போனால் போதும். நம் எண்களுக்குக் கனமூலம் 86-க்குக் கொஞ்சம் குறைவு. சின்னக் காரணி ஏதும் அதற்குள் இருக்கிறதா என்று முதலில் வகுத்துப் பார்த்துவிட வேண்டும், அந்தப் படியை விட்டால் முறை உத்தரவாதம் தராது.

பின்கோடு_பித்தன்
636001-ஐ நாலால் வகுத்தா மீதி 1. அப்போ ரெண்டு வர்க்கங்களின் கூட்டலா எழுதலாமே? அதையும் அட்டையில போடுங்க டீச்சர்.

பழைய_லாகரிதம்
பகா எண்ணுக்குத்தான் அந்த விதி. பகு எண்ணுக்குக் காரணிகளைப் பார்க்க வேண்டும். 647-ம் 983-ம் நான்கால் வகுத்தால் 3 மீதி தருபவை. அப்படிப்பட்ட பகா எண் ஒற்றை அடுக்கில் நின்றால் இரு வர்க்கக் கூட்டலாக எழுதவே முடியாது. 3 × 3 = 9, நான்கால் மீதி 1; அதனால்தான் பெருக்கல் பார்க்க நல்ல பிள்ளை போலத் தெரிகிறது.

மூன்று வர்க்கமானால் முடியும்: 796² + 48² + 9² = 633616 + 2304 + 81.

இரு காரணிகளும் நான்கால் 3 மீதி தரும் இவ்வகை எண்ணைப் புளூம் முழு எண் என்பார்கள். மறைக்குறியீட்டில் போலி எழுந்தமான எண் (கணக்கில் பிறந்தாலும் தற்செயல் போலத் தோன்றும் எண்) உருவாக்கப் பயன்படுவது இவ்வகைதான்.

கொண்டை_ஊசி
ஒண்ணை 636001-ஆல வகுத்தா தசமம் எத்தனை இலக்கத்துக்கு ஒருமுறை திரும்பும்னு யாராச்சும் பாத்தீங்களா? 0.00000157232457… 12 இலக்கக் கால்குலேட்டர் இவ்வளவு கூடக் காட்டாது.

பின்கோடு_பித்தன்
646 × 982 = 634372 இலக்கம்.

மீதி_ஒன்று
பெருக்கல் இல்லை, மீ.சி.ம. 1/647-இன் சுழற்சி 646 இலக்கம், 1/983-இன் சுழற்சி 982 இலக்கம். ரெண்டுமே தங்களுக்கு இருக்கக்கூடிய அதிகபட்ச நீளத்தை எட்டுற பகா எண்கள், அது இந்த எண்ணோட அதிர்ஷ்டம். ரெண்டு சுழற்சியும் ஒரே நேரத்துல தொடங்கின இடத்துக்கு வரணும்னா மீ.சி.ம. 646 = 2 × 17 × 19, 982 = 2 × 491. பொதுவா 2 இருக்கு. ஆகவே 317186 இலக்கம்.

இதுல அழகு வேற இடத்துல. அந்த 317186 இலக்கத்தையும் சரிபாதியா வெட்டினா ஒவ்வொண்ணும் 158593. முதல் பாதியையும் ரெண்டாம் பாதியையும் கூட்டினா வெறும் 9-கள்! முதல் பாதி 00000157232457… ன்னா ரெண்டாம் பாதி 99999842767542… ன்னு தொடங்கியே ஆகணும். சுழற்சியில உள்ள எல்லா இலக்கங்களோட கூட்டுத்தொகை 9 × 158593 = 1427337. ஒரு இலக்கம் கூட எழுதிப் பாக்காமலே சொல்லலாம்.

பகு எண்ணுக்கு இது தானா நடக்காது. 7-க்கும் 37-க்கும் தனித்தனியா 6, 3 இலக்கச் சுழற்சி. 37-க்கு ஒற்றைப்படை நீளம் என்பதால் 1/259-ல பாதிகள் 9-ஐத் தராது. நம்ம எண்ணுல 323, 491 ரெண்டும் ஒற்றைப்படை, ரெண்டு காரணியிலும் பாதி வழியில மீதி −1 ஒரே நேரத்துல வந்து சேருது.

குறியீட்டாளர்
கணினியில் பார்ப்பவர்களுக்குச் சில எச்சரிக்கைகள்.

சி மொழியில் 32 பிட் முழு எண்ணில் மீதிகளைப் பெருக்கினால் பொங்கி வழியும். மீதி 636000 வரை போகலாம், அதன் வர்க்கம் 404496000000. 32 பிட் தாங்குவது 2147483647 வரைதான். பிழைச் செய்தி எதுவும் வராது, தப்பான விடை அமைதியாக வரும். 64 பிட் மாறி வையுங்கள். பைத்தானில் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் வர்க்கமூலத்துக்குத் தசமக் கட்டளையைப் போடாமல் முழு எண் வர்க்கமூலக் கட்டளையைப் போடுங்கள். ஆறு இலக்கத்துக்கு எது போட்டாலும் ஒன்றுதான். 9007199254740992-ஐத் தாண்டினால் தசம வகை எல்லா முழு எண்களையும் துல்லியமாகப் பிடிக்காது, முழு வர்க்கமா என்ற சோதனை பொய் சொல்லும்.

404496000000 சரியாக 12 இலக்கம். டீச்சர் வைத்திருக்கும் கால்குலேட்டரில் இந்த எண்ணுக்கான எந்த மீதிப் பெருக்கலும் அடங்கும். 10 இலக்கக் கால்குலேட்டர் என்றால் அடங்காது.

மீதி எடுக்க வகுத்துத் தசமத்தைத் திரும்பப் பெருக்காதீர்கள், கடைசி இலக்கங்கள் உருண்டுவிடும். 636000 என்பது இங்கே −1-க்குச் சமம். எனவே 636000-ஆல் வகுத்து, மீதியிலிருந்து ஈவைக் கழித்தால் போதும். எடுத்துக்காட்டாக, 601³ = 217081801. ஈவு 341, மீதி 205801. 205801 − 341 = 205460. அதுதான் 636001-ஆல் வகுத்த மீதி. கழித்தபின் குறை எண் வந்தால் 636001-ஐக் கூட்டிக்கொள்ளுங்கள்.

கண்காட்சி_டீச்சர்
காரணியே தெரியாம பகு எண்ணுன்னு மட்டும் நிரூபிக்கிற சோதனை இருக்குன்னு சொல்வாங்களே, அது இதுல வேலை செய்யுமா?

குறியீட்டாளர்
நன்றாகவே செய்யும். மில்லர்–ராபின் சோதனையில் இந்த எண் ஏமாற்றவே முடியாது: 1, 636000 என்ற இரண்டு அடிகளை (சோதனைக்காக அடுக்கேற்றிப் பார்க்கும் எண்களை) தவிர எந்த அடியை எடுத்தாலும் "பகு எண்" என்று பிடிபடும். பழைய ஃபெர்மா சோதனைக்குக் கூட (மேலே பார்த்த காரணி முறை அல்ல; அடியை 636000-ஆம் அடுக்குக்கு உயர்த்தினால் மீதி 1 வருகிறதா என்று பார்ப்பது) மொத்தம் நான்கே பொய்யர்கள், அதாவது பகா எண் போலக் காட்டி ஏமாற்றும் அடிகள்: அந்த இரண்டோடு 177924, 458077.

அந்த 177924 உங்கள் அட்டைக்கு ஏற்றது. அதன் வர்க்கம் 31656949776. 636001-ஆல் வகுத்தால் மீதி 1. பகா எண்ணாக இருந்தால் வர்க்கத்தின் மீதி 1 வருவது 1-க்கும் கடைசி எண்ணுக்கும் மட்டுமே. மூன்றாவதாக ஒன்று வந்தால் எண் பகு எண், அதோடு காரணியும் வெளியே வந்துவிடும்: 177923 = 983 × 181, 177925 = 647 × 275.

சூரமங்கலம்_சந்திப்பு
பொல்லார்டின் பி−1 முறையையும் சேர்க்க வேண்டும். 646 = 2 × 17 × 19, எல்லாம் பொடிக் காரணிகள். 2-ஐ அடுத்தடுத்து 2, 3, 4… 19 என்று அடுக்கேற்றி, ஒன்றைக் கழித்து 636001-உடன் மீ.பொ.வ எடுத்தால், 18 வரை 1 வரும், 19-இல் 647 விழும். 983 மட்டும் விழாது, ஏனென்றால் 982-இல் 491 என்ற பெரிய பகா எண் உட்கார்ந்திருக்கிறது. 983-ஐப் பாதுகாப்புப் பகா எண் (ஒன்றைக் கழித்துப் பாதியாக்கினாலும் பகா எண்ணே வருவது) என்பார்கள். மூன்று இலக்கத்தில் அதுவே கடைசி. அதே காரணத்தால் 2-இன் 491-ஆம் அடுக்கில் ஒன்றைக் கழித்தால் வரும் மெர்சென் எண்ணை 983 மீதியின்றி வகுக்கும்.

ஒரு காரணி பலமாக இருந்து பயனில்லை என்பதற்கு இது கச்சிதமான எடுத்துக்காட்டு. ஒன்று விழுந்தால் மற்றது வகுத்தலில் தானே வந்துவிடும்.

பின்கோடு_பித்தன்
அப்போ இதையே வச்சு ஆர்எஸ்ஏ பூட்டு (காரணி காண்பது கடினம் என்பதை நம்பி இரகசியச் செய்தி அனுப்புற முறை) செஞ்சு காட்டலாமா?

குறியீட்டாளர்
காட்டலாம். 20 பிட் பொம்மைப் பூட்டு. செய்தி ஓர் எண்; அதைப் பொது அடுக்குக்கு உயர்த்தி 636001-ஆல் வகுத்த மீதிதான் பூட்டிய செய்தி, அதை இரகசிய அடுக்குக்கு உயர்த்தினால் திறக்கும். பொது அடுக்கு 3. இரகசிய அடுக்கு 105729, ஏனென்றால் 3 × 105729 = 317187 = 317186 + 1 (317186 என்பது மேலே பார்த்த 646, 982-இன் மீ.சி.ம.). 601-ஐப் பூட்டினால் மேலே பார்த்த 205460. திறக்க 16 வர்க்கப்படுத்தலும் 6 பெருக்கலும். காரணி தெரிந்தவருக்குக் குறுக்கு வழி உண்டு: 647-க்கு அடுக்கு 431, 983-க்கு அடுக்கு 655, மீதிகள் மூன்று இலக்கத்தைத் தாண்டாது.

சிக்கும் இடங்கள்: பொது அடுக்காக 17 எடுக்காதீர்கள். வழக்கமான தேர்வுதான், ஆனால் 646-ஐ 17 வகுப்பதால் இங்கே இரகசிய அடுக்கே கிடையாது. 85 வரையிலான செய்திகளுக்கு 3 அடுக்கு பூட்டே இல்லை; 85³ = 614125, எண்ணுக்குள் அடங்கிவிடும், யாரும் கனமூலம் எடுத்துப் படிக்கலாம். 86³ = 636056, மயிரிழையில் தாண்டி 55 ஆகிறது. செய்தி 636001-ஐ விடச் சிறியதாக இருக்க வேண்டும் என்பதால் ஏற்காட்டின் 636601-ஐ இதில் அனுப்ப முடியாது, மறுமுனையில் 600 என்று போய்ச் சேரும்.

நிஜ உலகில் 2048 பிட், 617 இலக்கம். அங்கேயும் ஃபெர்மா தூங்கவில்லை. காரணிகள் இரண்டும் நெருங்கி இருக்கக் கூடாது என்று அமெரிக்கத் தரம் வித்தியாசத்துக்குக் கீழ் எல்லை வைத்திருக்கிறது: 2048 பிட்டுக்கு 2-இன் 924-ஆம் அடுக்கை விட அதிகம் இருக்க வேண்டும். 2022-இல் சில அச்சுப்பொறிகள் உருவாக்கிய சாவிகள் இந்த விதியை மீறி, 1643-இன் அதே கூட்டல் கழித்தலில் உடைந்தன. எழுந்தமானமாகத் தேர்ந்த காரணிகள் என்றால் கதை வேறு. 829 பிட் எண்ணை 2020-இல் உடைக்க எண்புலச் சல்லடையும் (பெரிய எண்களுக்கான காரணி காணும் முறை) ஏறத்தாழ 2700 செயலி உட்கரு ஆண்டுகளும் (ஒரே ஓர் உட்கரு தனியாக ஓடினால் ஆகும் காலம்) பிடித்தன.

கொண்டை_ஊசி
"சேலம் எண்"னு ஒண்ணு கணிதத்துல நிஜமாவே இருக்கு, ஊரோட சம்பந்தம் இல்லை, ரஃபேல் சேலம் என்கிற கணிதரோட பேரு. யாராச்சும் கண்காட்சியில கேப்பாங்க, தயாரா இருங்க. 636001 அது ஆகாது. முழு எண் எதுவுமே ஆகாது, துணை மூலங்கள்ல (அந்த எண்ணோட மிகச் சிறிய பல்லுறுப்புக் கோவைச் சமன்பாட்டுக்கு இருக்கிற மற்ற மூலங்கள்ல) ஒண்ணாவது அலகு வட்டத்து மேல இருக்கணும், முழு எண்ணுக்குத் துணை மூலமே கிடையாது.

இப்ப ஏற்காடு 636601-க்கு வருவோம். 600 தள்ளி இருக்கிற எண், ஒரு அட்டை அதுக்கும் போடலாமா?

மீதி_ஒன்று
போடலாம், வேற மாதிரிப் பாடம். 601 − 636 = −35. 7 வகுக்கும், 11-ம் 13-ம் வகுக்காது. 636601 = 7 × 90943. 90943-க்கு ஃபெர்மா: 302-ல தொடங்கி 328² − 129², அதாவது 199 × 457. 27 படி. இங்கே நாலால் மீதி 3, அதனால அ இரட்டை. மூணின் மடங்கும் ஆகாது. சலிச்சா 10 படி.

7-ஐ முதல்ல எடுக்காம நேரா 636601-க்கே ஃபெர்மா போட்டா 128 படி போய் 925² − 468², அதாவது 457 × 1393-ல நிக்கும். அங்கே நிறுத்திடக் கூடாது. 1393 பகா எண் மாதிரியே தெரியும், ஆனா அது 7 × 199. ஃபெர்மா முறை தர்ற காரணி பகா எண்ணா இருக்கணும்னு கட்டாயம் இல்லை, ரெண்டு பக்கத்தையும் தனியா மறுபடி சோதிக்கணும்னு அட்டையோட அடியில ஒரு வரி போட்டுடுங்க டீச்சர்.